எண்ணிப் பாருங்கள்

அன்புப் பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். மொட்டை மாடியில் பூத்த மல்லிகைப் படத்துக்கு வந்த லைக் இதற்கு வராது என்று தெரியும். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி மூன்று வாரமாக மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிற விஷயம். உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

மகள் வீட்டுக்கு அடிலெய்டு போயிருந்தேன். பேரனுக்குப் பள்ளி விடுமுறை. எல்லோருமாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போனோம். ஆஸ்திரேலியா படத்தில் நடு மையத்தில் விரலை வைத்தால் அதன் பக்கத்தில்தான் அந்த ஊர் இருக்கும். விமானத்தில் இரண்டு மணி நேரம். கீழே சிவப்பு மண்ணைத் தவிர வேறொன்றும் இல்லை. இறங்கப் போகிற நேரத்தில் பேரன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மாச்சி, அங்க பாருங்க, முட்டை!"

மலை வரிசைக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கில், யாரோ அடைக்கு வைத்த மாதிரி வெள்ளை வெள்ளையாக உருண்டைகள். நான் எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு வரை எண்ணுவதற்குள் விமானம் திரும்பிவிட்டது.

"அது பைன் கேப், அத்தை" என்றார் மாப்பிள்ளை. "அமெரிக்காக்காரனும் இவங்களும் சேர்ந்து வச்சிருக்கிறது. உள்ள யாரும் போக முடியாது."

"என்ன பண்றாங்க உள்ள?"

"ஒட்டுக் கேக்குறாங்க. எல்லாம் நம்ம பாதுகாப்புக்குத்தான். நமக்கெதுக்கு அத்தை அதெல்லாம்?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது. மாப்பிள்ளை நல்ல மனிதர். இதையும் படிப்பார். மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அன்று ஓட்டல் அறையில் பாதியில் நின்ற பேச்சை இங்கே முடிக்கிறேன்.

முதலில் அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

பைன் கேப் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் இருக்கிறது. 1966 டிசம்பரில் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் ஒப்பந்தம் போட்டன. 1970ல் வேலை தொடங்கியது. அன்றைக்கு வைத்த பெயர் 'கூட்டுப் பாதுகாப்பு விண்வெளி ஆராய்ச்சி நிலையம்'. பெயரைக் கேட்டால் ஏதோ நட்சத்திரத்தை ஆராய்கிற இடம் என்றுதான் தோன்றும். உண்மையில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.வின் செயற்கைக்கோள்களுக்கு அது தரைநிலையம். வானத்தில் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள், சோவியத் ஏவுகணைச் சோதனைகளின்போது அந்த ஏவுகணை தன் சொந்த நாட்டுக்கு அனுப்பும் சமிக்ஞைகளை ஒட்டுக் கேட்கும். கேட்டதைப் பைன் கேப்புக்கு இறக்கும். 'ஆராய்ச்சி' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுக்க 1988 வரை ஆனது.

ஏன் பாலைவனத்துக்கு நடுவில்? அன்றைக்கு சோவியத் உளவுக் கப்பல்கள் கடலோரங்களில் சுற்றிக்கொண்டிருந்தன. செயற்கைக்கோள் கீழே இறக்கும் சமிக்ஞையை அந்தக் கப்பல்களும் பிடித்துவிட்டால் குட்டு உடைந்துவிடும். எந்தக் கடற்கரையிலிருந்தும் வெகு தூரத்தில் இருக்கிற இடம் வேண்டும். சுற்றிலும் மலை இருந்தால் வானொலி இரைச்சலும் குறைவு. நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இனி அந்த வெள்ளை முட்டைகளுக்கு வருவோம். இங்கேதான் என் பழைய வேலை நினைவுக்கு வருகிறது.

குழியாடி பாடம் நினைவிருக்கிறதா? வகுப்புக்கு எவர்சில்வர் கரண்டியைக் கொண்டுவந்து காட்டுவேனே. இணையாக வரும் கதிர்கள் எல்லாம் குழியாடியில் பட்டு முன்னால் ஒரு புள்ளியில் கூடும். அந்தப் புள்ளியின் பெயர் குவியம். வீட்டு மாடியில் டிவிக்காக வைத்திருக்கிற டிஷ்ஷும் அதே பாடம்தான். தூரத்திலிருந்து மெலிந்து வரும் அலைகளை ஒன்றாகச் சேர்த்துக் குவியத்தில் கொடுக்கிறது.

உங்கள் தெருவில் வரிசையாக மாடிகளைப் பாருங்கள். ஒரே கம்பெனி டிஷ் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கம்பெனியின் செயற்கைக்கோள் அந்தத் திசையில் நிற்கிறது. எந்தத் திசை, எவ்வளவு சாய்வு என்று அளந்துவிட்டால், வானத்தில் எந்தச் செயற்கைக்கோளைப் பார்க்கிறது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும்.

அதனால்தான் முட்டை ஓடு. உள்ளே டிஷ் இருக்கிறது. மேலே மூடியிருப்பதை 'ரேடோம்' என்கிறார்கள். வெயில், காற்று, தூசியிலிருந்து டிஷ்ஷைக் காப்பது அதன் ஒரு வேலை. டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று வெளியே தெரியாமல் மறைப்பது இன்னொரு வேலை. முகத்தை மூடிக்கொண்டு ஒட்டுக் கேட்கிற மாதிரி.

ஆனால் பிள்ளைகளே, முகத்தை மூடலாம், தலையை மறைக்க முடியாது. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிடலாம் இல்லையா? அதைத்தான் சிலர் செய்தார்கள்.

ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் டெஸ்மண்ட் பால் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். அரசு வாயைத் திறக்காத விஷயத்தைத் தானே தேடிப் படித்து, கேட்டு, சேகரித்து 1980ல் ஒரு புத்தகமும், 1988ல் பைன் கேப் பற்றியே இன்னொரு புத்தகமும் எழுதினார். பிற்காலத்தில் பில் ராபின்சன், ரிச்சர்ட் டான்டர் என்ற இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அந்த நிலையத்தின் ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். பழைய புகைப்படங்கள், தூரத்திலிருந்து எடுத்த படங்கள், காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்கள் எல்லாவற்றையும் ஆண்டு வாரியாக அடுக்கி, எது எப்போது வந்தது, என்ன அளவு, எங்கே நிற்கிறது என்று பதிவு செய்தார்கள். வானத்திலிருந்து உளவு பார்க்கிறவர்களை வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்தே எண்ணியிருக்கிறார்கள்! எனக்கு இதைப் படித்தபோது கைதட்டத் தோன்றியது.

1970ல் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் தொடங்கியது. 2016ல் அவர்கள் வெளியிட்ட கணக்கில் 33 பெரிய ஆன்டெனாக்கள். அதற்குப் பிறகும் கட்டுமானம் நிற்கவில்லை. 40ஐத் தாண்டிவிட்டது என்கிறார்கள் இன்றைக்கும் எண்ணிக்கொண்டிருப்பவர்கள்.

சோவியத் யூனியன் 1991லேயே இல்லாமல் போய்விட்டது. யாரைக் கேட்பதற்காகக் கட்டினார்களோ அந்த நாடே இல்லை. ஆனால் காது மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அப்படியென்றால் வேலை மாறியிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் ஆள் அதேதான், பாத்திரம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது என்றால் எங்கோ சமைத்துப் போடுகிறார்கள் என்றுதானே பொருள்?

அவர்கள் எண்ணிச் சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தவரை, இன்று அங்கே மூன்று விதமான வேலை நடக்கிறது. ஒன்று, பழைய வேலை. ஒட்டுக் கேட்கும் செயற்கைக்கோள்களை இயக்குவது. இரண்டு, ஏவுகணை கிளம்பும்போது வரும் வெப்பத்தைப் பார்த்து எச்சரிக்கும் செயற்கைக்கோள்களின் தகவலை வாங்கி அனுப்புவது. இது முன்பு தெற்கே நரங்கார் என்ற இடத்தில் நடந்தது. 1999ல் அதை மூடிவிட்டுப் பைன் கேப்புக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாவதுதான் புதிய வேலை. மற்ற நாடுகளின் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களைக் குறிவைத்து, அதன் வழியே போகிற பேச்சையும் தகவலையும் பிடிப்பது.

இந்த மூன்றாவது வேலைக்காக 2008ல் ஒரு புதுவித ஆன்டெனா வந்தது. 'டோரஸ்' என்று பெயர். சாதாரண டிஷ் ஒரு நேரத்தில் ஒரு செயற்கைக்கோளைத்தான் நன்றாகப் பார்க்கும். டோரஸின் வளைவு வேறு மாதிரி. ஒரே ஆன்டெனா, அசையாமல் நின்றபடி, ஒரே நேரத்தில் 35 செயற்கைக்கோள்கள் வரை பார்க்கும். அதாவது எண்ணிக்கையில் ஒன்று கூடியது, காதில் 35 கூடியது. இப்போது யோசித்துப் பாருங்கள். வெளியே நின்று எண்ணுகிறவருக்குக் கிடைக்கும் கணக்கு எப்போதும் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி நம் ஊர்க் கதை ஒன்று சொல்கிறேன். என்னிடம் படித்தவர்களுக்கு ஞாபகம் வரும்.

எட்டாம் வகுப்பு அறையின் மேற்கு ஜன்னலில் ஒரு கரடு தெரியுமே. ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதம் முதல் வாரத்தில் அதைப் பார்த்து வரையச் சொல்வேன். உற்றுப் பார்க்கிற பழக்கம் வர வேண்டும் என்றுதான் அதை ஆரம்பித்தேன். வரைந்த தாள்களில் நல்லதாக ஒன்றிரண்டை எடுத்து என் பீரோவில் வைத்துவிடுவேன். பதினோரு ஆண்டு கழித்து பீரோவை ஒழிக்கும்போது அந்தத் தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கரடு கரைந்துகொண்டே வந்திருக்கிறது. முதல் படத்தில் மூன்று முகடு. கடைசிப் படத்தில் ஒன்றரை.

தினமும் அந்த ஜன்னலைப் பார்த்துத்தான் பாடம் நடத்தினேன். ஒருநாள்கூடக் கரடு சின்னதாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியதில்லை. தினம் ஒரு வெடி, நாலு லாரி. எந்த நாளும் அடுத்த நாளைவிடப் பெரிதாக மாறவில்லை. கல்குவாரிக்கு அனுமதி கொடுத்த காகிதத்தில் எத்தனை ஏக்கர் என்று எழுதியிருந்ததோ, யாரிடம் கேட்டாலும் அடுத்த மேசையைக் காட்டினார்கள். ஆனால் பிள்ளைகள் வரைந்த பதினோரு படத்தை யாரும் மறுக்க முடியவில்லை. ஊர்க் கூட்டத்தில் அதைத்தான் விரித்துக் காட்டினோம். கரடு திரும்பி வரவில்லை. மீதிக் கரடாவது நின்றது.

அங்கே ஒரு மலை தேய்ந்தது, இங்கே ஒரு நிலையம் வளர்கிறது. ஆனால் நடக்கிற விதம் ஒன்றுதான். மொத்தமாக 40 ஆன்டெனா வைக்கப்போகிறோம் என்று 1966ல் சொல்லியிருந்தால் ஊரே கேள்வி கேட்டிருக்கும். ஒன்றொன்றாக வந்தால் யாரும் கேட்பதில்லை. போன வருஷம் இருந்ததோடு இன்னும் ஒன்றுதானே. அதனால்தான் டெஸ்மண்ட் பால் செய்த வேலையைப் பெரிய வேலை என்கிறேன். பதினோரு தாளைத் தரையில் பரப்பிய வேலை அது.

சரி, மாப்பிள்ளையின் வாதத்துக்கு வருகிறேன். "நம்ம பாதுகாப்புக்குத்தான்."

இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அதில் உண்மை இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவும் சோவியத்தும் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தம் போட்டன. எதிராளி ரகசியமாக ஏமாற்றவில்லை என்று தெரிந்தால்தான் அப்படிப்பட்ட ஒப்பந்தம் நிற்கும். அதைக் கண்காணிக்கப் பைன் கேப் உதவியது. ஏவுகணை எச்சரிக்கை வேலையும் அப்படித்தான். தவறான பயத்தில் யாரும் பொத்தானை அழுத்திவிடாமல் இருக்க, உண்மையில் ஏவுகணை கிளம்பியதா இல்லையா என்று தெரிய வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே டெஸ்மண்ட் பால் பல ஆண்டுகள் அந்த நிலையத்தை ஆதரித்தார். மறைவாக இருப்பதை எழுதினார், ஆனால் மூடு என்று சொல்லவில்லை. கேட்பதால் போர் தள்ளிப்போகிறது என்றால் கேட்கட்டும் என்பது அவர் கணக்கு.

அந்த மனிதர்தான் கடைசிக் காலத்தில் மனம் மாறினார். இனி என்னால் இதை நியாயப்படுத்திப் பேச முடியாது என்று 2014ல் வெளிப்படையாகச் சொன்னார். 2016 அக்டோபரில் காலமானார். நாற்பது ஆண்டு ஒரு விஷயத்தையே படித்தவர் தன் சொந்தக் கருத்தை மாற்றிக்கொள்கிறார் என்றால் நாம் காது கொடுக்க வேண்டும்.

ஏன் மாறினார்? நிலையத்தின் வேலை மாறியதால். ஒருவருடைய போன் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்துக்கு ஆளில்லா விமானத்தை அனுப்பிக் குண்டு போடுகிற காலம் வந்துவிட்டது. அந்த வேலைக்குப் பைன் கேப் உதவுகிறது என்று 2013ல் ஆஸ்திரேலியப் பத்திரிகைகள் எழுதின. ஸ்னோடன் வெளியே கொண்டுவந்த ஆவணங்களில் பைன் கேப் பற்றிய சில 2017ல் பத்திரிகையில் வெளிவந்தன. அதன் ரகசியப் பெயர் 'ரெயின்ஃபால்', மழைப்பொழிவு. மழையே பெய்யாத பாலைவனத்துக்கு இந்தப் பெயர் வைத்தவர் குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும். அலைகளை அனுப்பும் கருவி பூமியில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது அங்கே நடக்கிற வேலைகளில் ஒன்று என்று அந்தத் தாள்களே சொல்கின்றன.

ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் காதும், ஆளைக் குறிவைக்கும் காதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வெள்ளை முட்டைதான். முதல் வேலைக்குச் சம்மதம் சொன்ன ஊர், இரண்டாவது வேலைக்கும் சம்மதம் சொன்னதாக ஆகுமா? பெண் பார்க்க வந்தபோது சொன்ன 'சரி'யை வைத்துக்கொண்டு, பின்னால் வருகிற எல்லாவற்றுக்கும் நீதானே சரி என்றாய் என்று கேட்டால் நம் வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"அதையெல்லாம் பார்லிமென்ட் பார்த்துக்கும் அத்தை" என்பார் மாப்பிள்ளை.

பார்லிமென்டின் கதையையும் சொல்கிறேன். 1999ல் அந்த ஒப்பந்தத்தை நீட்டிப்பதைப் பற்றி ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் ஒப்பந்தங்கள் குழு விசாரித்தது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள். அவர்களுக்கே நிலையத்தைப் பற்றிய முறையான விளக்கம் தரப்படவில்லை. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கிடைக்கிற விவரம்கூடத் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்று அந்தக் குழுவே குறைப்பட்டுக்கொண்டது. விவரம் கேட்டு டெஸ்மண்ட் பாலிடம்தான் போக வேண்டியிருந்தது. தன் வீட்டில் என்ன நடக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிகிறது, வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியவில்லை!

அரசு ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நிலையத்தில் நடப்பதெல்லாம் ஆஸ்திரேலியாவின் 'முழு அறிவுடனும் இசைவுடனும்' நடக்கிறதாம். அமைச்சர்கள் மாறினாலும் அந்தச் சொற்றொடர் மாறுவதில்லை. முழு அறிவு என்றால் யாருடைய அறிவு? இரண்டு மூன்று அமைச்சர்களுக்கும் சில அதிகாரிகளுக்கும் தெரிந்தால் நாட்டுக்குத் தெரிந்த மாதிரியா?

சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? வதந்தி முளைக்கும். 1975 நவம்பர் 11 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் விட்லமை ஆளுநர் ஜெனரல் பதவியிலிருந்து நீக்கினார். அந்தச் சமயத்தில் பைன் கேப் ஒப்பந்தத்தின் முதல் பத்தாண்டுக் காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று ஒரு கூட்டம் இன்றுவரை நம்புகிறது. அப்படி ஒன்றுமில்லை, உள்நாட்டு அரசியல்தான் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஐம்பது ஆண்டு ஆகியும் ஒரு நாட்டு மக்கள் தங்கள் பிரதமர் ஏன் போனார் என்று ஒருவரையொருவர் நம்பாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் காட்டுகிறேன். ரகசியத்துக்குக் கொடுக்கிற விலையில் இதுவும் சேரும்.

இன்னொரு விலையும் உண்டு. அணுப்போர் என்று ஒன்று வந்தால் எதிரி குறிவைக்கும் இடங்களில் பைன் கேப்பும் இருக்கும். பனிப்போர்க் காலத்தில் ஆஸ்திரேலிய அரசே இந்த ஆபத்தை ஒப்புக்கொண்டது. அங்கிருந்து 18 கிலோமீட்டரில் சுமார் 25,000 பேர் வாழும் ஊர். நாங்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்ட கடை, பேரன் கங்காரு பொம்மை வாங்கிய கடை எல்லாம் அந்த ஊரில்தான்.

கேள்வி கேட்டவர்களே இல்லை என்று நினைக்காதீர்கள். 1983 நவம்பரில் நாடு முழுவதிலுமிருந்து பெண்கள் வந்து வாசலில் முகாம் போட்டார்கள். உள்ளே நுழைந்த 111 பெண்கள் கைதானபோது, பெயர் கேட்டால் அத்தனை பேரும் 'கேரன் சில்க்வுட்' என்றே சொன்னார்களாம். அணு ஆலையின் பாதுகாப்புக் குறைகளை வெளியே சொல்ல முயன்று, விபத்தில் இறந்துபோன அமெரிக்கத் தொழிலாளியின் பெயர் அது. போலீஸ்காரர் எழுதி எழுதிக் களைத்திருப்பார். 2005 டிசம்பரில் நான்கு பேர் 'குடிமக்கள் ஆய்வு' என்று சொல்லி வேலியைத் தாண்டி உள்ளே போனார்கள். அவர்கள்மீது 1952ல் போட்ட ஒரு பாதுகாப்புச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். கீழ்நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. 2008ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது.

வேலி தாண்டச் சொல்லி என் பிள்ளைகளுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலிக்கு வெளியே நின்று எண்ணலாம், கேட்கலாம்.

எண்ணுவது என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். அந்த நிலம் அரெர்ன்டே என்ற பழங்குடி மக்களின் நிலம். பல்லாயிரம் ஆண்டுகளாக அவர்கள் வாழ்ந்த பூமி. ஒப்பந்தம் கையெழுத்தானது 1966 டிசம்பர் என்று சொன்னேன் இல்லையா? அன்றைக்கு ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தில் 127ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நாட்டு மக்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது பழங்குடிகளைச் சேர்க்கக் கூடாது என்று அது சொன்னது. 1967 மே மாதம் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடந்து, 90 சதவீதத்துக்கும் மேல் மக்கள் ஆம் என்று வாக்களித்த பிறகுதான் அந்தப் பிரிவு நீங்கியது.

அதாவது, அந்த நிலத்தைக் கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்ட நாளில், அந்த நிலத்துக்குச் சொந்தமான மனிதர்கள் நாட்டின் எண்ணிக்கையிலேயே இல்லை. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கணக்கு டீச்சராக முப்பத்து நான்கு ஆண்டு இருந்திருக்கிறேன். எண்ணுவதைப் போல நடுநிலையான வேலை இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரை எண்ணுவது, யாரை விடுவது, எதை எண்ண விடாமல் மூடி வைப்பது என்று முடிவெடுப்பவர் கையில்தான் எல்லாம் இருக்கிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பக்கத்து நாடான நியூசிலாந்தில் வைஹோபாய் என்ற இடத்தில் இதேபோல ஒரு சின்ன நிலையம் இருந்தது. 2008ல் மூன்று பேர் உள்ளே புகுந்து, டிஷ்ஷை மூடியிருந்த பெரிய பலூனை அரிவாளால் கிழித்து, காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். 2010ல் நடுவர்கள் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தார்கள். ஆனால் அந்த டிஷ்கள் அங்கிருந்து போனது அதனால் இல்லை. இனி இதனால் பெரிய பயன் இல்லை, காலம் மாறிவிட்டது என்று 2021ல் நியூசிலாந்து அரசே சொன்னது, அதன் பிறகு கழற்றிவிட்டது. உலகத்தின் பேச்சில் பெரும்பகுதி இப்போது கடலுக்கடியில் கேபிளில் போகிறது. ஆக, டிஷ் குறைந்தால் ஒட்டுக் கேட்பது குறைந்தது என்றும் சொல்ல முடியாது. ஆனால் பைன் கேப்பில் அது குறையவில்லை, கூடுகிறது. ஓரிடத்தில் பழசாகிப்போன கருவி இன்னோரிடத்தில் ஏன் பெருகுகிறது? இந்தக் கேள்விக்காவது பதில் வேண்டாமா?

இனி என் மகளுக்கு.

ஜனவரியில் நீ ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிய அன்று வீடியோவில் பார்த்தேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு உறுதிமொழி சொன்னாய். எனக்குக் கண் கலங்கியது. நம் பிள்ளை வேறு நாட்டுக்காரியாகிவிட்டாளே என்று ஒரு பக்கம், அந்த நாட்டில் தலை நிமிர்ந்து நிற்கிறாளே என்று ஒரு பக்கம். உன் வீட்டுக்கு வந்தால் நான் விருந்தாளி. விருந்தாளிக்குக் கேள்வி கேட்கும் உரிமை கிடையாது. ஆனால் நீ இனி விருந்தாளி இல்லை. அந்த நாட்டில் ஓட்டுப் போடாவிட்டால் அபராதம். போட்டே ஆக வேண்டும். உன் வரிப்பணத்தில் ஒரு துளி அந்தப் பள்ளத்தாக்குக்கும் போகிறது. அங்கே கேட்கப்படும் குரல்கள், அதனால் எங்கோ விழுகிற குண்டு, எல்லாம் உன் 'இசைவு' என்ற பெயரில்தான் நடக்கிறது.

வந்து குடியேறியவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். நமக்கெதுக்கு வம்பு, வந்த இடத்தில் வேலையைப் பார்ப்போம் என்று. எனக்கு அது புரிகிறது. மாப்பிள்ளை சொன்னதும் அந்தப் பயத்தில்தான். ஆனால் நன்றிக்கடன் வேறு, வாய் மூடி இருப்பது வேறு. சோறு போட்ட வீட்டில் விளக்கு எரிகிறதா, அடுப்பு எரிகிறதா, வீடே எரிகிறதா என்று பார்ப்பதும் நன்றிதான்.

பெரிதாக ஒன்றும் செய்யச் சொல்லவில்லை. அடுத்த தேர்தலுக்கு உங்கள் தொகுதி வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். பைன் கேப்பில் எத்தனை ஆன்டெனா இருக்கிறது? கடைசியாக வந்த பத்து எந்த வேலைக்கு வந்தது? அந்த வேலைக்கு நாடாளுமன்றத்தில் யார் சம்மதம் கொடுத்தது? தொழில்நுட்ப ரகசியம் எதையும் கேட்கவில்லை. எந்தத் திசை பார்க்கிறது என்று கேட்கவில்லை. முட்டை ஓட்டை உடைக்கச் சொல்லவில்லை. எண்ணிக்கையும் காரணமும் சம்மதமும் கேட்கிறோம். தெரியாது என்று பதில் வந்தாலும் நல்லதுதான். தெரியாது என்று சொன்ன பிறகு 'முழு அறிவு' என்று சொல்ல முடியாதே.

சிட்னி, மெல்போர்ன், பெர்த் என்று இருக்கிற என் பழைய மாணவிகளுக்கும் இதுதான். ஒவ்வொரு ஆண்டும் செயற்கைக்கோள் படம் புதிதாக வரும். பத்து நிமிஷம் செலவழித்து, பெரிதாக்கி, வெள்ளை உருண்டைகளை எண்ணி, தேதி போட்டு எழுதி வையுங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கரடு வரைந்த கைகள்தானே.

திரும்பி வரும் விமானத்தில் ஜன்னல் சீட்டுக்குப் பேரன் அடம் பிடித்து வாங்கிவிட்டான். இந்தத் தடவை விட்டுவிடக் கூடாது என்று நோட்டும் பென்சிலும் எடுத்து வைத்திருந்தான். விமானம் வேறு பக்கமாகக் கிளம்பிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. முகம் சுண்டிப்போய்விட்டது பிள்ளைக்கு.

"பரவாயில்ல, இன்னொரு தடவை எண்ணிக்கலாம்" என்றேன்.

"அதுக்குள்ள இன்னும் நிறைய வந்துருமா அம்மாச்சி?" என்று கேட்டான்.

அவனுக்கு ஒன்பது வயது. இன்னும் ஒன்பது வருஷத்தில் அவனும் ஓட்டுப் போடுவான்.

மாப்பிள்ளை, உங்கள் பதிலைக் கமென்டில் எழுதுங்கள். மற்றவர்களும் எழுதலாம். மாறுபட்ட கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். வகுப்பில்தான் கையைத் தூக்க வேண்டும், இங்கே வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்